மன்னிக்காமல் இடம் கொடுத்த ராஜேஸ்வரி

செய்தி வந்தபோது நான் ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டது வார்டுத் தாதி. ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகிய பெண். "மேடம், உங்க ராஜேஸ்வரி..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். வேலையில் இருந்த காலமெல்லாம் நானும் அப்படித்தான் பலர் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். மீதியை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தம்போயில் அவள் இருந்த வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். அங்கே தங்கியிருக்கும் பார்வதி அம்மா, கேட்டதும் துடைப்பத்தை எடுத்துச் சமையலறைக் கதவை அடிக்க ஆரம்பித்தார். குச்சிகள் தெறித்துப் பிடி மட்டும் கையில் மிஞ்சும்வரை அடித்தார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. ராஜி இருந்திருந்தால் அவளும் தடுத்திருக்க மாட்டாள். முடிந்த பிறகு, "புதுசு நீங்கதான் வாங்கிட்டு வரணும்" என்று மட்டும் சொல்லியிருப்பாள்.

அவளை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வீட்டில் தங்கிப் போனவர்கள், சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவர்கள், அவளிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லாருக்குமாக. அவள் என்னைவிட வயதில் சின்னவள். 'அவர்' என்று எழுதிப் பார்த்தேன். யாரைச் சொல்றீங்க மிஸ்ஸி என்று அவளே கேட்பாள் போலிருந்தது. 'அவள்' என்றே எழுதுகிறேன்.

வீடு தம்போயில் பட்டறைகளுக்குப் பின்னால் உள்ள தாமான் குடியிருப்பில், மூலை வீடு. ஆஸ்பத்திரியில் 'நாளைக்கு டிஸ்சார்ஜ்' என்றதும் போக இடமில்லாமல் விழிப்பவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்தோம். சிறுநீரகம் கெட்டவர்கள், புற்றுநோய்க்காரர்கள், மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள், ஞாபகம் தப்பியவர்கள் என்று எல்லாரும் அங்கே உண்டு. ஓய்வு பெற்ற தாதி என்பதால் மாத்திரை, மருந்து, புண் கட்டுவது என் பொறுப்பு. பழைய ஆஸ்பத்திரி வழக்கப்படி எல்லாரும் என்னை 'மிஸ்ஸி' என்பார்கள். மற்ற எல்லாப் பொறுப்பும் ராஜியுடையது.

அவளும் அங்கே நோயாளியாக வந்தவள்தான். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தாள். சர்க்கரை வியாதியில் சிறுநீரகம் இரண்டும் போயின. லாரி ஓட்டும் புருஷன் அதற்கு முன்பும் அடித்துக்கொண்டுதான் இருந்தான். நோய் வந்த பிறகு அடிப்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது. ஒருநாள் டயாலிசிஸில் ரத்தம் கழுவிவிட்டுத் தள்ளாடிக்கொண்டு வீடு திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. அவள் துணிகள் சாக்கடையில் கிடந்தன. கதவைத் தட்டியதற்கு அவன் வெளியே வந்து வயிற்றில் உதைத்தான். அதன்பிறகு லார்க்கின் பேருந்து நிலையத்திலும் ஆஸ்பத்திரி நாற்காலிகளிலுமாகப் படுத்துக்கொண்டு, வாரம் மூன்று முறை ரத்தம் கழுவப் போய்வந்தாள். கூட ரத்தம் கழுவிய ஒரு பெரியவர் சொல்லித்தான் எங்களுக்கு அவளைப் பற்றித் தெரிந்தது.

வந்த அன்று அவள் இடுப்பில் ஒரு கத்திரிக்கோல் செருகியிருந்தது. நான் கேட்டதற்கு மறைக்கவில்லை.

"எதுக்கு ராஜி இது?"

"யாராவது மேல கைய வச்சா குத்த."

"இங்க யாரும் வைக்க மாட்டாங்க."

"எல்லா எடத்துலயும் இதத்தான் சொல்றாங்க மிஸ்ஸி."

சில வாரங்கள் அதோடுதான் தூங்கினாள். அறைக் கதவுகளுக்கு உள் தாழ்ப்பாள் வேண்டும் என்று வீட்டை நடத்தும் எங்கள் செயற்குழுவில் முதலில் கேட்டது அவள். நோயாளிகள் உள்ளே பூட்டிக்கொண்டால் ஆபத்து என்று எங்களில் சிலர் மறுத்தோம். "ரோட்ல படுத்தவங்களுக்கு வீடுன்னா கூரை இல்ல. உள்ள இருந்து பூட்டிக்கிற கதவு" என்றாள். அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரித் தாழ்ப்பாள் போட்டோம். போட்ட மறுநாள் கத்திரிக்கோல் சமையலறை டிராயருக்கு வந்துவிட்டது. கொத்தமல்லிக் கட்டு அறுக்க அதைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

அவளைச் சாந்தமானவள் என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஹோக் அங்கிள் என்று ஒரு சீனப் பெரியவர் இருக்கிறார். தச்சு வேலை செய்தவர். ஞாபகம் தப்பிவிட்டது. எதிர்வீட்டு இரும்புக் கேட்டைத் தன் வீட்டுக் கேட் என்று நினைத்துத் திறக்கப் போவார். சில நேரம் அங்கேயே நின்று ஒன்றுக்குப் போய்விடுவார். எதிர்வீட்டுக்காரருக்கு எங்கள் வீடே பிடிக்காது. எங்களை அந்தத் தாமானைவிட்டு விரட்டக் கையெழுத்து வாங்கியவர். ஒரு காலை, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை மடித்து ஹோக் அங்கிளை முதுகில் விளாசிவிட்டார். அவர் கீழே விழுந்த பிறகும் நிறுத்தவில்லை.

ராஜி நிதானமாகச் சாலையைக் கடந்து போனாள். குழாயைப் பிடுங்கினாள். எதிர்வீட்டுக்காரரை அதே குழாயால் தோளிலும் தொடையிலும் அடித்தாள். கன்னத்தில் பட்டது தவறிப் பட்டது என்று பின்னால் சொன்னாள்; நான் நம்பவில்லை. போலீஸ் வந்தது. "டியா பூக்குல் டூலு, என்சிக்" என்று அவன்தான் முதலில் அடித்தான் என்பதை மலாயில் சொல்லிவிட்டு, ஹோக் அங்கிளின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். வரிவரியாக ரத்தம் கட்டியிருந்தது. போலீஸ்காரர் இரண்டு பக்கத்தையும் கண்டித்துவிட்டுப் போனார்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று எங்களுக்குப் பயம். மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவளை அனுப்பினோம். நானும் கூடப் போனேன். எதிர்வீட்டு வாசலில் நின்று, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொன்னாள்: "அண்ணே, நான் அடிச்சது தப்பு. நீங்க மறுபடியும் அவர அடிச்சீங்கன்னா நான் மறுபடியும் தப்பு பண்ணுவேன்."

அந்தக் கோபம் சரியான ஆள்மேல் மட்டுமே பாய்ந்தது என்று சொல்ல மாட்டேன். மாத்திரையை நாக்கடியில் ஒளித்துத் துப்பிய ஒரு நோயாளியின்மேல் சோற்றுத் தட்டை வீசியிருக்கிறாள். நெற்றி வெடித்து நான் தையல் போட வேண்டியிருந்தது. அந்த மனிதர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். ரத்தம் கழுவிய களைப்போடு லார்க்கின் நிலையம் முழுக்கத் தேடி அவரைக் கண்டுபிடித்தாள். என்ன சொல்லி அழைத்து வந்தாள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. 'வெளிய போ' என்ற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை.

பார்வதி அம்மா வந்தது அதற்குப் பிறகு. மார்பில் கட்டி எடுத்து, வலது கையை மேலே தூக்க முடியாத நிலை. குளிப்பாட்டப் போன தாதிகள் முதுகிலும் தொடையிலும் காயங்களைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிச் சமூகநல அதிகாரியிடம் சொல்ல, அவர் எங்களைக் கூப்பிட்டார். காயங்கள் மகன் கொடுத்தவை. ஒரே மகன், சரவணன். பட்டறை வேலை, பிறகு ஷாபு என்கிற அந்த போதைத்தூள், பிறகு வேலையும் இல்லை. ஆபரேஷன் ஆன பக்கத்தைப் பார்த்தே குத்துவான் என்று அவர் சொன்னபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ராஜி போகவில்லை. வேறு எதுவும் கேட்கவுமில்லை. "எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தா வலிக்காதும்மா?" என்று கேட்டு, அதற்கேற்றபடி கட்டிலைச் சுவரோரம் நகர்த்திப் போட்டாள்.

அவர்கள் இருந்த மலிவு விலை அடுக்குமாடி வீடு பார்வதி அம்மா பெயரில் அரசு வாடகைக்குக் கொடுத்தது. பெயருக்குரியவர் அங்கே இல்லையென்றால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். அம்மா போய் சில மாதம் கழித்து அப்படி ஒரு எச்சரிக்கையைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அம்மா எங்கே இருக்கிறார் என்று சரவணன் விசாரிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

ரத்தம் கழுவுகிறவர்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துப் பெரிதாக்கியிருப்பார்கள். தோலுக்கடியில் கயிறு புடைத்த மாதிரி இருக்கும். தொட்டால் உர்ரென்று அதிரும். ஊசி அங்கேதான் ஏறும். அந்தக் கை போனால் உயிர் நூலில் தொங்குகிறது என்று பொருள். ராஜி இடது கையால் ஒரு வாளித் தண்ணீர் தூக்க மாட்டாள். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க மாட்டாள். ஹோக் அங்கிள் அவளை நடக்கப் பிடித்துக்கொள்ளும்போதுகூட வலது கையைத்தான் நீட்டுவாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். முன்னறையில் பார்வதி அம்மாவுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். ரொட்டிக்காரர் வந்துபோனதில் வெளிக் கேட் திறந்தே கிடந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம். செய்தித்தாளில் சுற்றிய எதையோ அக்குளில் வைத்துக்கொண்டு சரவணன் உள்ளே வந்தான். தாளைக் கிழித்ததும் பாராங் கத்தி. ராஜி ஓடிப்போய் வீட்டுக் கதவின் கம்பிக் கிரில்லை இழுத்தாள். பூட்ட நேரமில்லை. வலது கையால் கம்பியைப் பிடித்து, காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு நின்றாள். அவன் வெளியிலிருந்து இழுத்தான்.

"எங்கம்மாவ வெளிய அனுப்பு. ஆபீசர் வர்றாங்க. அவங்க அங்க இருக்கணும்."

"அவங்களுக்கு வர இஷ்டமில்ல. நீ போ."

"அவங்க வரலைன்னா எனக்கு வீடில்ல. தெரியுமா உனக்கு? ரோட்ல படுக்கணும் நான்."

"ரோட்ல நானும் படுத்திருக்கேன். அதுக்காக யாரையும் வெட்டல. போயிரு தம்பி."

கிரில் ஒரு முழம் திறந்துவிட்டது. அந்த இடைவெளி வழியாக அவன் அம்மாவைப் பார்த்துவிட்டான். பார்வதி அம்மா எழுந்து நின்றிருந்தார். ஓட முடியவில்லை, நின்றார். அவன் தோளை நுழைத்துக் கத்தியை ஓங்கினான். ராஜி கம்பியை விட்டிருந்தால் பின்னால் நகர்ந்திருக்கலாம். விட்டிருந்தால் அவன் உள்ளே வந்திருப்பான். விடவில்லை. காலியாக இருந்த இன்னொரு கையைக் குறுக்கே போட்டாள். இடது கை.

அந்தக் குழாய் அறுந்தால் ரத்தம் வழியாது, பீறிடும். கூரையில் அடித்தது. என் மூக்குக் கண்ணாடியில் அடித்து எனக்குக் கண் தெரியாமல் போனது. சரவணனின் முகத்திலும் வாயிலும் அடித்திருக்க வேண்டும்; அவன் மூச்சுத் திணறியவன் மாதிரி இருமிக்கொண்டு பின்வாங்கினான். நான் தடவிப்போய் அவள் கையைப் பிடித்து, வெட்டுக்குள்ளேயே என் இரண்டு கட்டைவிரல்களையும் செலுத்தி அழுத்தினேன். எலும்பு விரலில் பட்டது. அவள் இன்னும் கிரில்லை விடவில்லை.

"விடு ராஜி."

"அவன் போயிட்டானா?"

"விடு."

"போயிட்டானான்னு பாருங்க மொதல்ல."

அவன் போகவில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து, கையிலிருந்த ஹெல்மெட்டால் அவன் மண்டையில் அடித்து அடித்துத் தரையில் சாய்த்திருந்தார். பிறகு தன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். ஆம்புலன்சுக்குக் காத்திருந்தால் ராஜி அன்றே போயிருப்பாள். பின் இருக்கை முழுக்க ரத்தம் ஊறியது. ஏன் வந்தீர்கள் என்று அவரிடம் நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஹோக் அங்கிளைப் பற்றிப் புகார் சொல்வதை இன்றுவரை நிறுத்தவுமில்லை.

கையைக் காப்பாற்றினார்கள். அறுந்த ரத்தக் குழாயைக் கட்டி மூடிவிட வேண்டியதாயிற்று. கழுத்தருகே ஒரு பிளாஸ்டிக் குழாய் செருகி, அதன் வழியாக ரத்தம் கழுவினார்கள். வலது கையில் புதிதாக இணைத்துப் பார்த்தார்கள்; சர்க்கரையில் நரம்பெல்லாம் நூலாகியிருந்தது, ஒட்டவில்லை. கழுத்துக் குழாய் நெடுங்காலத்துக்கு ஆகாது, கிருமி புகுந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். பார்க்க வந்தவர்கள், தன் உயிர்க் கையைக் கொடுத்து இன்னொருத்தியைக் காப்பாற்றினாள் என்று புகழ்ந்தபோது எரிச்சல்பட்டாள். "எந்தக் கைன்னு யோசிக்க நேரம் இல்ல. நேரம் இருந்திருந்தா மிஸ்ஸி கையத்தான் இழுத்து நீட்டியிருப்பேன்" என்றாள்.

நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். கையைக் காட்டினாள். சரவணன் உள்ளே போனான். அவள் ஒருநாளும் அதற்கு வருந்தவில்லை.

அவன் வெளியே வந்ததை நாங்கள் அறிந்த விதம் இது. ஆஸ்பத்திரிச் சமூகநல அதிகாரி வழக்கம்போல் வீட்டுக்கு ஃபோன் செய்தார். காசநோய் வார்டில் ஒரு ஆள், இனித் தொற்றாது, வெளியே அனுப்பலாம், ஆனால் விலாசம் இல்லை; அடுக்குமாடி வீடு போய்விட்டது, சொந்தம் யாரும் ஏற்கவில்லை; தெருவுக்குப் போனால் மாத்திரையை விட்டுவிடுவான், உங்களிடம் இடம் இருக்கிறதா? ஃபோனை எடுத்தது ராஜி. பெயரைக் கேட்டாள். அதிகாரி சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது, புதியவர். ராஜி, "கேட்டுச் சொல்றேங்க" என்று வைத்துவிட்டு நேராகப் பார்வதி அம்மாவின் அறைக்குப் போனாள்.

பார்வதி அம்மா சொன்னாராம்: "இந்த வாசப்படி அவன் மிதிக்கக் கூடாது. ரோட்ல கெடந்து சாகவும் கூடாது."

செயற்குழுவில் நாங்கள் எல்லாருமே எதிர்த்தோம். நான்தான் அதிகம் கத்தினேன். யோங் பெங்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி எங்களுக்கு இன்னொரு வீடு உண்டு. ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் சில ஆண்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அங்கே தனி அறை காலியாக இருக்கிறது என்றாள் ராஜி.

"அவன மன்னிச்சிட்டியா நீ?" என்று கேட்டேன்.

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"மன்னிப்பு வேற, படுக்கை வேற மிஸ்ஸி. நல்லவங்களுக்குத்தான் படுக்கைன்னா என்னைய உள்ள விட்டிருப்பீங்களா? இடுப்புல கத்திரிக்கோலோட வந்தேன்."

வேனில் நானும் போனேன். அவள் தனியாக அவனோடு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. வார்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முகமூடி, பையில் மாத்திரைகள், சட்டைக்குள் எலும்பு. அவளைப் பார்த்ததும் எழுந்தான். அவள் அருகே போய், முகமூடியோடு சேர்த்துக் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். இன்னொரு அறை. மூன்றாவதில் அவன் நாற்காலியில் விழுந்து மூக்கில் ரத்தம் வந்தது. காவலாளி ஓடிவந்தார். "குடும்ப விஷயம் லா, என்சிக்" என்றாள் ராஜி. மூச்சு வாங்கியது. கழுத்துக் கட்டைத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டு, "எந்திரி. வண்டி வெளிய நிக்குது" என்றாள்.

ஜொகூர் பாருவைத் தாண்டி நெடுஞ்சாலையில் வெகுதூரம் போன பிறகு பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"அக்கா, என்னைய மன்னிச்சிருங்க."

"அத நீயே வச்சிக்க. எனக்கு வேணாம். மருந்த மட்டும் நிறுத்தாத."

காசநோய்க்கு மாதக்கணக்கில் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். யாராவது பார்க்க விழுங்க வேண்டும். ஓட்டுநர் அண்ணனுக்குக் காலையில் வேறு வேலை. வீடியோ ஃபோனில் பார்த்தால் போதும் என்று கிளினிக்கில் ஒத்துக்கொண்டதும் ராஜி அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். தினமும் காலை அழைப்பாள். அவன் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. வாந்தி வருகிறது, இனி வேண்டாம் என்று அவன் ஒருநாள் சொன்னபோது வீடே கேட்கும்படிக் கத்தினாள்: "நிறுத்திப் பாரு. நானே யோங் பெங் வந்து உன் கைய வெட்டுவேன். எனக்கு எடம் தெரியும், எங்க வெட்டினா எப்படி வரும்னும் தெரியும்." பக்கத்து அறையில் பார்வதி அம்மா இதைக் கேட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்திருந்தார். அவன் விழுங்கினான்.

கிருமி கழுத்துக் குழாய் வழியாகத்தான் வந்தது. இரண்டு முறை மருந்தில் தப்பினாள். மூன்றாவது முறை, ரத்தம் கழுவும்போதே உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. கட்டில் கம்பிகள் கிடுகிடுத்தன. இரண்டு தாதிகள் அழுத்திப் பிடித்தும் அடங்கவில்லை. பல் பட்டு உதடு கிழிந்தது. வேலையில் நான் பார்த்த சாவுகளில் இது அமைதியானது இல்லை. அவள் கடைசிவரை கைகால் உதறிச் சண்டை போட்டாள், குழாய்களைப் பிடுங்கினாள், யாரையோ மலாயிலும் தமிழிலும் கெட்ட வார்த்தையில் திட்டினாள். நடுவில் ஒரு காலை தெளிவு வந்தது. என்னைப் பார்த்து, "அவன் இன்னும் முழுங்கல" என்றாள். நான் அவள் ஃபோனை எடுத்து அழைத்து, அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவன் விழுங்கினான். அவள் இருந்த கோலத்தைப் பார்த்து அவனுக்கு வாய் கோணியது. "நாக்கு" என்றாள். தூக்கிக் காட்டினான். தலையசைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பேசியது யாருக்கும் புரியவில்லை.

தம்போய் வீட்டிலிருந்தே எடுத்தோம். எப்படியோ கேள்விப்பட்டு அவள் புருஷன் வெள்ளைச் சட்டையோடு வந்துவிட்டான். "புருஷன் நான் இருக்கேன். வேற யாரு செய்யிறது?" என்றான். பார்வதி அம்மா கேட்டருகே போய் நின்றார். "சாக்கடையில போட்ட துணிய எடுத்துக் குடுத்துட்டு உள்ள வா" என்றார். அவன் அவரைத் தள்ளிக்கொண்டு நுழையப் பார்த்தான். ஹோக் அங்கிள், திருடன் என்று நினைத்தாரோ என்னவோ, கைத்தடியால் அவன் முழங்காலில் ஒரு போடு போட்டார். இன்னும் நான்கைந்து பேர் எழுந்து வந்தார்கள். ஒருவர் நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவன் நொண்டிக்கொண்டே போய்விட்டான். மின்சுடலையில் பொத்தானை அழுத்தியது பார்வதி அம்மா.

அன்று காலை சரவணன் என்னை அழைத்து, வரலாமா என்று கேட்டிருந்தான். உன் அம்மாவைக் கேட்கிறேன் என்றேன். கேட்டேன். வேண்டாம் என்றார். அதைச் சொன்னதும் அவன் வாதாடவில்லை. "சரி மிஸ்ஸி. இன்னைக்கு மாத்திரைய யாரு பாக்கறது?" என்றான். பாடை கட்டும் சத்தத்துக்கு நடுவே, சமையலறையில் நின்று, நான் பார்த்தேன்.

ராஜியின் பொருள்கள் என்று என்னிடம் எதுவும் இல்லை. அவள் துணிகளை வீட்டிலேயே பகிர்ந்துகொண்டார்கள். ஃபோனைப் பார்வதி அம்மா வைத்திருக்கிறார். என்னிடம் வந்து சேர்ந்தது அந்தக் காலை வேலை மட்டும்தான். அதை நான் விருப்பத்தோடு செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் முகம் திரையில் வந்ததும் என் கட்டைவிரல்கள் வலிக்கின்றன. அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. மன்னிக்காமலே ஒருவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யலாம் என்பதை எத்தனையோ வருடம் வார்டில் இருந்தும் நான் கற்றுக்கொள்ளவில்லை. இப்போதுதான், தினமும் கொஞ்சமாக, பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொள்கிறேன். ராஜியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

இன்று காலையும் அழைத்தேன். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். முதலில் விழுங்கு என்றேன். விழுங்கினான். வாயைத் திறந்தான். நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினான். ஒன்றும் மிச்சமில்லை.

"நாளைக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.